திரும்புகிற தேதி

“திரும்பி வர வழி கையில இல்லாம நான் எங்கயும் கால் வச்சதில்ல.”

லிஃப்ட் மெக்கானிக் இதை மைக்கைப் பிடித்துச் சொன்னது ஒரு சக ஊழியரின் பிரிவுபசார விழாவில். அந்த ஊழியரைப் பற்றி நாலு வார்த்தை பேசத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து வேலையிடத்தில் அவர் பெயர் ‘ரிட்டன்’.

அது வாய்ச்சவடால் என்று யாரும் சொல்ல முடியாது. முப்பது வருஷமாகப் பதினாலாவது மாடி உயரத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்ப்பவர், இறங்கும் ஏணியைத் தொட்டுப் பார்க்காமல் ஒருநாளும் ஏறியதில்லை. கல்யாணப் பேச்சுக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோதும் வாசலில் வாடகைக் காரை நிறுத்தியே வைத்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாக அவர் மனைவி இன்றுவரை சாட்சி சொல்கிறார்.

அப்பேர்ப்பட்டவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார், மறுபடி உட்கார்ந்தார். வியாழக்கிழமை மதியம் அவர் அக்காவுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன். அக்கா ஒண்டிக்கட்டை. மயக்கம் தெளிய இரவு ஏழு மணியாகும், கண் விழிக்கும்போது சொந்தக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிவேக ரயில் வந்தபின் அக்காவின் ஊர் மூன்றே மணி நேரம். ஆனால் அங்கிருந்து திரும்பும் கடைசி வண்டி ஐந்தேகாலுக்கு.

‘திரும்பும் தேதி?’ என்று திரை கேட்டது. அதற்குப் பதில் தெரியாததால், அவர் இருக்கையை ஆராய்ந்தார்.

“ஜன்னலோரம் எடுக்கட்டுமா?”

“எடுங்க,” என்றார் மனைவி.

“அங்கேருந்து கதவு தூரம்.”

“அப்ப கதவுகிட்ட எடுங்க.”

“போறவன் வர்றவன்லாம் இடிப்பான்.”

“ஏங்க, ரயில்ல போறீங்களா, குடித்தனம் போறீங்களா?”

தேர்ந்தெடுத்த இருக்கைக்குப் பத்து நிமிஷம் கெடு. மூன்று முறை கெடு தாண்டி, மூன்று முறையும் அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். தேதி மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டுகளும் இருக்கத்தான் செய்தன. எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தால் தலை சுற்றாது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அவை தீர்ந்துபோயின. மிஞ்சியவை எடுத்தால் எடுத்ததுதான். காலை வண்டியில் பதினோரு இடம் ஆறாகி, ஆறு நாலானது.

வெள்ளி என்று போட்டார். அதற்குள் அக்கா எழுந்து நிற்பாளா? ஞாயிறு என்று மாற்றினார். அதுவும் போதாவிட்டால்? விரல் தானாக நகர்ந்து வியாழன் ஐந்தேகாலில் போய் நின்றது. அது ஒன்றுதான் சந்தேகமில்லாத வண்டி.

போன் அடித்தது. அக்கா.

“தம்பி, எத்தனை மணிக்குடா திரும்பணும்?”

இருபது வருஷமாகக் கதவைத் திறந்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி இது. அதற்குத் தக்கபடிதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

“இன்னும் டிக்கெட் போடலக்கா.”

“போட்டதும் சொல்லு. நர்ஸ்கிட்ட சொல்லி வைக்கணும், நீ கிளம்புறதுக்குள்ள என்னை எழுப்பிவிடச் சொல்லி.”

“கிண்டல் பண்றியா?”

“இல்லடா. நிஜமாத்தான். நர்ஸ்கிட்ட இப்பவே கேட்டும் பாத்தேன். அப்படில்லாம் எழுப்ப முடியாதாம்டா, அந்தப் பொண்ணு சிரிக்குது.”

அவர் போனை வைத்தார். திரையில் இரண்டு இடம் மிச்சமிருந்தது. எந்த ஜன்னல், எந்தத் திசை என்று பார்க்காமல் ஒன்றை எடுத்தார்.

கால் மணி நேரம் கழித்து மனைவி படுக்கையறைக்குள் எட்டிப்பார்த்தார். “போக, வர, ரெண்டையும் பிரிண்ட் எடுத்துட்டீங்களா?”

“எடுத்தாச்சு, எடுத்தாச்சு,” என்றார் பீரோவுக்குள் தலையை விட்டபடி.

மேசைமேல் ஒரே ஒரு தாள் கிடந்தது, போகிற டிக்கெட். அவர் ஐந்தாவது சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.