கிண்ணத்தின் அடியில் விரல் தடம்

வேலு போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது காஜா பெராங் தெருவில் இருந்த எங்கள் மண்பாண்டக் கொட்டகையில் களிமண் பிசைந்துகொண்டிருந்தேன். அவன் மைத்துனன் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். "அண்ணே, மச்சான் தவறிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." முதலில் அழுகை வந்தது. அதன் பின்னாலேயே, இதிலும் எனக்கு முந்திக்கொண்டானே என்று எரிச்சலும் வந்தது. எங்கள் இருவரையும் அறிந்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஒரே கொட்டகை, ஒரே சூளை, நாங்கள் இரண்டு பேர். சுதந்திரம் கிடைத்த மறு வருடம், ஜப்பானுக்குப் போய் மண்பாண்டக் கலை படிக்க இருவரும் மனுப் போட்டோம். அவனுக்குக் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. "சண்டைக் காலத்துல சயாம் ரயில் பாதை போட இழுத்துட்டுப் போயி ஒங்கப்பாவ சாகடிச்சவன்கிட்டயா போய்க் கத்துக்கப் போற?" என்று கேட்டேன். அக்கறையில் கேட்டதல்ல. வேலு பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "துப்பாக்கி புடிச்சவன் வேற, சக்கரம் சுத்துறவன் வேறய்யா. நான் சக்கரம் சுத்துறவன்கிட்ட போறேன்."

திரும்பி வரும்போது ஜப்பான் மண்ணை மூட்டை கட்டி வருவான் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வந்தான். செங் ஊர்ப் பக்கத்து வயலில் களிமண் வெட்டினான். ரப்பர் பால்மர விறகின் சாம்பலைக் கரைத்து மெருகுப் பூச்சு தயாரித்தான். கிண்ணத்தின் வடிவம் மட்டும் ஜப்பானியர்களுடையது. கைப்பிடி கிடையாது, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அடங்கும். ஆனால் சுவர் தடிப்பு. ஏன் என்று கேட்டதற்கு, "அவங்க பீங்கான் மங்கு மாதிரி மெல்லிசா இழுத்தா நம்ம மண்ணு உக்காந்துரும். மண்ணால முடிஞ்சத மட்டும்தான் அதுகிட்ட கேக்கணும்" என்றான். இப்படிப் பேசுகிறவனோடு எப்படித்தான் சண்டை போடுவது?

அவன் கிண்ணத்தில் ஒரு சொரசொரப்பு இருக்கும். அதற்கு ஆசைப்பட்டு, அவனிடம் கேட்காமல், கிளேபாங் கடற்கரை மணலை என் களிமண்ணில் கலந்தேன். சுட்டெடுத்தபோது கிண்ணங்கள் அழகாகத்தான் இருந்தன. கடைக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகச் சில்லுச் சில்லாகத் தெறித்தன. வேலு ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தான். "கடல் மணல்ல சிப்பித் தூள் கெடக்கும்யா. சூளையில அது சுண்ணாம்பாயிரும், அப்புறம் ஈரம் பட்டா உப்பித் தெறிக்கும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" கேட்டிருக்கலாம்தான். அவனிடம் கேட்கக் கூடாது என்றுதானே அவ்வளவு பாடும்.

எல்லாவற்றையும்விட என்னை எரித்தது அந்த விரல் தடம். கிண்ணத்தை அடியில் பிடித்து மெருகுக் கரைசலில் முக்கும்போது, விரல் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது. நான் அந்த வெற்றிடங்களைத் தூரிகையால் தொட்டு மறைப்பேன். அவன் அப்படியே விட்டுவிடுவான். ஜப்பானில் அப்படித்தானாம். "எவனோ ஒருத்தன் புடிச்சிருந்தான்னு தெரியட்டுமே" என்பான். வாங்க வருகிறவர்கள் அந்தத் தடத்தில்தான் மயங்குவார்கள். என் சுத்தமான வேலையை யாரும் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

கருமாதி முடிந்து அவன் மனைவி சரோஜா கொட்டகைக்கு வந்தாள். கையில் அவனுடைய கடைசிக் கிண்ணம். ஒரு தடவை சுட்டது, இன்னும் பூச்சுப் போடாதது. "இத முடிச்சுக் குடுங்கண்ணே. ஒங்களவிட்டா யாருக்கு இது தெரியும்?"

வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தடத்தை மறைத்தால் அது என் வேலையாகிவிடும். விட்டால், என் விரல் அவன் பேரில் வாழும். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவன் பிடிப்பதுபோலப் பிடித்து முக்கினேன். தூரிகையைத் தொடவில்லை.

சுட்டெடுத்ததும் சரோஜா கிண்ணத்தை வாங்கித் தடங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். "நல்லா வந்திருக்குண்ணே. ஆனா இது அவரு கை இல்ல. அவரு வெரலு இன்னும் அகலம்." கொஞ்சம் அழுதாள். பிறகு என்னிடமே நீட்டினாள். "நீங்களே வச்சுக்குங்க."

வேலுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கிண்ணமும் இந்தப் பொறாமையும்தான். இரண்டிலும் கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கிண்ணத்தை எடுத்து, தடத்தைத் தடவி, "வேலு கைன்னா வேலு கைதான்" என்கிறார்கள். அது என் கை. சொல்ல வாய்வரை வருகிறது. "ஆமா, அவன் கைதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்துபோகிறேன்.