செப்பாங்கிலிருந்து தேய்ந்த டயரோடு

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தெப்ராவிலிருந்து கிளம்பினோம். செப்பாங் பந்தயத் தடத்துக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். காரில் நானும் என் மனைவி மாலாவும். பின்சீட்டில் ஜாக்கி, காற்றடிக்கும் பம்ப், அழுத்தம் பார்க்கும் கருவி, மாலாவின் ஹெல்மெட். தடத்தில் ஓட்டுவது அவள். டயரைப் பார்த்துக்கொள்வது நான்.

நாங்கள் போனது பந்தயத்துக்கு இல்லை. கட்டணம் செலுத்தினால் தினமும் ஓட்டுகிற காரையே தடத்தில் இறக்கி, இருபது நிமிடத் தவணைகளாக ஓட்டலாம். மாலா வேலை செய்வது சிங்கப்பூரில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். விடியுமுன் கிளம்பி எல்லைப் பாலத்து வரிசையில் நிற்பாள். வாரம் முழுக்க அடுத்தவன் வண்டியின் பின்விளக்கையே பார்க்கிறேன், முன்னால் யாருமே இல்லாத ரோடு ஒன்று வேண்டும் என்று ஒருநாள் சொன்னாள். அப்படித் தொடங்கியது. இது மூன்றாவது முறை.

சிக்கல் ஒன்றுதான். எந்த டயரில் சுற்றினோமோ அதே டயரில்தான் வீட்டுக்கும் வர வேண்டும்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குத் தடத்தில் இருந்தோம். குளிர்ந்த டயரில் காற்றழுத்தம் முப்பது வைத்தேன். நாலு சுற்று முடித்து அவள் உள்ளே வந்தபோது முப்பத்தெட்டு காட்டியது. சூட்டில் காற்று விரிந்துவிடும். விட்டால் டயர் பலூன் மாதிரி உப்பி நடுவில் தேயும். முப்பத்துநாலுக்கு இறக்கினேன். அளவுக்கு மேல் இறக்கினாலும் ஆபத்து, திருப்பத்தில் டயர் மடங்கி ஓரம் அரைபடும். ஒவ்வொரு தவணைக்கும் குனிந்து, முட்டி போட்டு, எழுந்து. வெயிலில் தார் கொதித்தது. நாற்பத்தாறு வயதில் என் இடுப்பு இதற்கெல்லாம் ஒத்துழைப்பதில்லை.

இந்தத் தடத்தில் வலப்பக்கத் திருப்பங்கள் அதிகம். பாரமெல்லாம் இடப்பக்கத்துக்குப் போகும். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தபோது முன் இடது டயரின் வெளி ஓரத்தில் பள்ளத்தின் ஆழம் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி வந்திருந்தது. காலையில் அங்கே ஐந்து இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் நாலு சக்கரத்தையும் கழற்றி, பின்னால் இருந்ததை முன்னாலும் முன்னால் இருந்ததைப் பின்னாலும் போட்டேன். தேய்மானம் பரவலாக விழும் என்ற கணக்கு. ஒற்றை ஜாக்கியில் ஒரு மணி நேரம் ஆனது.

கடைசித் தவணைக்கு முன்னால் மாலாவிடம் நாலு சுற்றோடு வந்துவிடச் சொன்னேன். தலையாட்டினாள். ஏழு சுற்று ஓட்டினாள். இறங்கும்போது முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள்.

மூன்றேகாலுக்குப் புறப்பட்டோம். சாலைக்கு வேண்டிய அளவுக்குக் காற்றை ஏற்றினேன். சக்கரங்களை மட்டும் மறுபடி மாற்றவில்லை. அதிகம் தேய்ந்த டயர் பின்னால் இருக்கக் கூடாது, ஈரத்தில் வால் வழுக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு முறை முட்டி போட உடம்பில் தெம்பில்லை. வானமும் வெளுப்பாகத்தான் இருந்தது.

ஐந்தேகாலுக்கு, பாகோ தாண்டி யோங் பெங் நோக்கி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறில் வந்து எண்பதுக்குக் குறைத்தேன். ஒரு வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது. காரின் பின்பக்கம் மெதுவாக, யாரோ தள்ளுவதுபோல, வலப்புறம் நகர்ந்தது. அடுத்த தடத்தில் செம்பனை எண்ணெய் லாரி ஒன்று எங்களை நெருங்கிக்கொண்டிருந்தது. என் கால் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கைத் தொடாதீங்க," என்றாள் மாலா. சத்தம் போடவில்லை. "லாரியைப் பார்க்காதீங்க. போக வேண்டிய இடத்தைப் பாருங்க. கையை மெதுவா அந்தப் பக்கமே திருப்புங்க."

திருப்பினேன். கார் ஒருமுறை ஆடி, நேரானது. லாரி எங்கள் கண்ணாடி முழுக்கத் தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போயிற்று.

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு கடையில் தே ஓ வாங்கி உட்கார்ந்தோம். கறுப்புத் தேநீர், சர்க்கரை தூக்கல். மாலாதான் முதலில் பேசினாள்.

"நான் ஏழு சுத்து ஓட்டினதாலதான். நீங்க நாலுனு சொன்னீங்க."

அப்படியே விட்டிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், திரும்பக் கேட்டிருக்கவும் மாட்டாள். கோப்பை பாதி காலியாகும்வரை விட்டேன்தான்.

"உன் சுத்து இல்ல, மாலா. காலையில தேஞ்ச டயர் பின்னாலயே கிடக்கு. திரும்ப மாத்தணும்னு தெரியும். இடுப்பு வலினு விட்டுட்டேன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் நானே முட்டி போட்டிருப்பேனே என்றாள். அந்த வார்த்தை திட்டியிருந்தால் வலித்திருக்கக்கூடியதைவிட அதிகமாக வலித்தது.

இரண்டு கடை தள்ளி டயர்க் கடை. ஆறு மணிக்கு மூடப்போன சீனத் தவுக்கே, கடை முதலாளி, எங்களைப் பார்த்து ஷட்டரைப் பாதியில் நிறுத்தினார். பின் இடது டயரின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிவிட்டு, இதிலா மழையில் வந்தீர்கள் என்று மலாயில் கேட்டார். எங்கள் அளவில் இரண்டே டயர் இருந்தது, ஒன்றின் விலை இருநூற்று நாற்பது வெள்ளி. கேட்காமலே இரண்டையும் பின்னால் போட்டார். எல்லாரும் முன்னால் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள் லா என்றார். நாங்கள் பிடிக்கவில்லை.

மிச்சம் நூறு கிலோமீட்டரை மாலா ஓட்டினாள். இடது ஓரத் தடத்தில், எண்பதைத் தாண்டாமல். பேருந்துகள், லாரிகள், குழந்தைகள் நிரம்பிய வேன்கள், எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. செப்பாங்கில் மழை வந்தால் ஓரத்தில் நிற்பவர்கள் கொடி காட்டி வண்டிகளை உள்ளே அழைத்துவிடுவார்கள். இங்கே கொடி காட்ட யாருமில்லை. நாம்தான் நிறுத்த வேண்டும், நிறுத்தாததை நாம்தான் சொல்லவும் வேண்டும்.

கூலாய் தாண்டியதும் மழை விட்டது. தெப்ராவில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது மாலா கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"அடுத்த தடவை சக்கரம் கழட்ட எனக்கும் சொல்லிக் குடுங்க," என்றாள்.

சரி என்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது, கதவைத் திறந்து இறங்குவதற்கு, சுற்றி வந்து நின்ற அவள் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.