குற்றி வைச்சிட்டுப் போங்கோ

மகன் எங்கள் பழைய மொறிஸ் காரை ஜக் வைத்து உயர்த்துகிறான். அந்தக் கிரீச் சத்தத்தில் எனக்கு அக்கராயன் ஊரில் இருந்த எங்கள் வீட்டு முற்றம் நினைவுக்கு வருகிறது.

அங்கே அப்பாவும் இப்படித்தான் காரை உயர்த்துவார். அம்மாவுக்கு அந்த ஜக்கில் துளியும் நம்பிக்கையில்லை.

"குற்றி வைச்சிட்டுக் கீழ போங்கோ."

"நல்ல ஜக்கப்பா, ஒண்டும் செய்யாது," என்பார் அப்பா.

அம்மா பாலை மரக்குற்றிகளை உருட்டி வந்து காருக்கடியில் தானே வைப்பார். சில்லுகள் உருளாமல் கல்லும் அணை கொடுப்பார்.

ஒருநாள் அப்பா காருக்குக் கீழே படுத்திருந்தபோது ஜக் சரிந்தது. கார் தடாரென்று குற்றிகளில் இறங்கியது. கணவரின் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாத அம்மா, "தங்கராசா" என்று அலறினார்.

"இருக்கிறன்," என்றார் அப்பா, அடியிலிருந்து.

குற்றி வைத்துவிட்டதாக மகன் சொல்கிறான். நான் முழங்காலிட்டுக் குனிந்து பார்க்கிறேன்.