யசோகிச்சிக்குச் சூடு தாங்காது

ஒகுயுதானி மலைக்கிராமத்தில் பொய் சொல்லலாம், பக்கத்து வீட்டுக் காட்டில் புகுந்து காளான் பறிக்கலாம், ஊர்க்கூட்டத்தில் குறட்டை விடலாம். எல்லாவற்றுக்கும் மன்னிப்பு உண்டு. பொதுக் குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு “சூடு” என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. பாறைக்கு அடியிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் முட்டை வேகும், கீரை வேகும். ஒருமுறை மேலே பறந்த காகம் ஆவி பட்டுப் பாதி வெந்து விழுந்ததாம். மீதியை வேகவைத்துத் தின்றது யார் என்பதில் இரண்டு குடும்பங்களுக்குள் இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது. ஊர் ஆண்களோ அதற்குள் கழுத்தளவு இறங்கி, வெந்த நண்டின் நிறத்தில் உட்கார்ந்து, “இன்னிக்கு ஆறிப்போச்சுப்பா” என்று அலுத்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட வீரபூமிக்கு யசோகிச்சி கடற்கரை ஊரிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். தொமோயேயைக் கட்டிக்கொண்டு, தன் குடும்பப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு மாமனார் பெயரை மாட்டிக்கொண்டார். ஊற்றின் ஆவியில் பூரணம் வைத்த மன்ஜூ என்னும் கொழுக்கட்டையை அவித்து, வெந்நீருக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு விற்பது மாமனார் வீட்டுத் தொழில்.

கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் புது மாப்பிள்ளையை ஊராரோடு குளிக்க அழைத்துப் போனார். மாப்பிள்ளை இறங்கினார். இமைக்கவில்லை, முனகவில்லை, கூப்பிட்டும் திரும்பவில்லை. எப்பேர்ப்பட்ட நெஞ்சுறுதி என்று ஊரே வாயைப் பிளந்தது. உண்மையில் இறங்கிய கணமே அவர் கண் திறந்தபடி மயங்கிப் போயிருந்தார். அந்த ரகசியம் தொமோயே ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்படிக் கிடைத்த புகழைக் காப்பாற்ற, யசோகிச்சி அன்றிலிருந்து தினமும் வெந்தார். தலை நரைத்தது, மாமனார் போய்ச் சேர்ந்தார், பேரன்கூடப் பிறந்துவிட்டான். ஊர் இன்னும் அவரை “மாப்பிள்ளை” என்றே கூப்பிட்டது. ஊர்க்கூட்டத்தில் கதவோரம், காற்றடிக்கும் இடம்தான் அவருக்கு. “அவசரப்படாதீங்க மாப்பிள்ளை, போகப் போகப் பழகிடும்” என்று பெரியவர்கள் பெருந்தன்மையோடு சொல்வார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில், பொதுக் குளியலைக் கவனித்துக்கொள்ளும் வெந்நீர்த் தலைவர் பதவி காலியானது. திருவிழாவுக்கு முன் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது ஊற்றுநீர் நிரப்பி, பச்சைத் தண்ணீர்க் குழாயை வைக்கோல் கயிற்றால் கட்டிவிடுவார்கள். ஆசைப்பட்டவர்கள் அதில் உட்கார வேண்டும். மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்கும்வரை “சூடு” என்று சொல்லாமல் தாக்குப்பிடிப்பவர்களில் ஒருவரைக் கிழவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். தேசத்தையே ஆளும் பதவியல்லவா, பரீட்சை இல்லாமல் முடியுமா?

“ஏங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?” என்றாள் தொமோயே. “தலைவரானா கிரீடமா வைக்கப்போறாங்க?”

“தலைவரை மாப்பிள்ளைன்னு கூப்பிட முடியாதே, பேர் சொல்லித்தானே கூப்பிடணும்.”

“நான் கூப்பிடுறேனே தினமும், யசோகிச்சின்னு.”

“நீ கூப்பிட்டா அடுத்தாப்புல ஒரு வேலை வரும்.”

பரீட்சை நாளன்று தொட்டியில் கிழவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். யசோகிச்சிக்குக் குழாயோரம் இடம், அங்கும் கதவோரந்தான். எதிரில் விடுதிக்காரர் ஷிகெஜிரோ, பதவிக்கு இன்னொரு போட்டியாளர். யாரும் அசையவில்லை. அசைந்தால் புதுச்சூடு வந்து தோலைப் பிடுங்கும். விரலை ஆட்டினால்கூட அது கொலை முயற்சி.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஷிகெஜிரோவின் விடுதியில் தங்கியிருந்த டோக்கியோ பல் வைத்தியர் ஹனியூ உள்ளே வந்தார். பொதுக் குளியல், எவரையும் தடுக்க முடியாது. நன்றாக உடம்பைக் கழுவிக்கொண்டு, நல்ல மனுஷராகச் சிரித்துக்கொண்டே ஒரு காலை உள்ளே விட்டார்.

“ஐயோ, சூடு! இது குளிக்கிற தண்ணியா, நூடுல்ஸ் அவிக்கிற தண்ணியா?”

விட்ட காலை வெளியே இழுத்தார். தொட்டி முழுக்க அலை புரண்டது. கிழவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்னோர்களை நினைத்தார்கள். ஹனியூ குழாயைப் பார்த்தார், வைக்கோல் கயிற்றை ஏதோ அலங்காரம் என்று எண்ணி அவிழ்த்தார், திறந்தார்.

“ஷிகெஜிரோ, உங்க விருந்தாளி” என்று பல்லைக் கடித்தார் ஒரு கிழவர்.

“ஒரு வாரத்துக்குத் தங்கியிருக்காரு” என்றார் ஷிகெஜிரோ பரிதாபமாக. “மாப்பிள்ளை, நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. மூடுங்க.”

எல்லாக் கண்களும் யசோகிச்சி மேல் திரும்பின. விருந்தாளியால் ஷிகெஜிரோவின் பேர் கெட்டுவிட்டது, இவர் மூடிவிட்டால் தலைவர் பதவி மடியில் விழும். அவர் குழாயில் கை வைத்தார். பச்சைத் தண்ணீர் முழங்காலில் விழுந்து, தொடையில் வழிந்து, அப்படியே இடுப்பைச் சுற்றிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு அன்பாக அவரை இந்த ஊரில் யாரும் தொட்டதில்லை. அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

“சூடா இருக்கு” என்றார்.

மூத்த கிழவர் அசையக் கூடாது என்பதையும் மறந்து அவர் பக்கம் திரும்பினார்.

“என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?”

“சூடா இருக்குன்னேன். முதல் நாளிலிருந்தே சூடுதான். அன்னிக்கு மயக்கம் போட்டுட்டேன்.”

ஆண், பெண் பகுதிகளுக்கு நடுவில் இருந்த பலகைச் சுவருக்கு மேலே கூரைவரை இடைவெளி. அதன் வழியாகத் தொமோயேயின் குரல் வந்தது. “இதுக்கா இத்தனை வருஷம்? இந்தப் பக்கம் குழாயை மூடினதே கிடையாதுங்க.” பெண்கள் கூட்டமாகச் சிரித்தார்கள். ஆண்களுக்கு அந்த நிமிஷம் மட்டும் ஒட்டுமொத்தமாகக் காது கேட்கவில்லை.

மரக்கட்டை தட்டினார்கள். ஷிகெஜிரோ தலைவரானார். யசோகிச்சி வீட்டுக்குப் போய், மன்ஜூ அவிக்கும் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இனி குளியல் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை கிழவர்கள் எல்லோருமாக வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“குளிக்க வரலையா?”

“எனக்குத்தான் தாங்காதுன்னு சொன்னேனே.”

“அதனாலதான் கூப்பிட வந்தோம்” என்றார் மூத்த கிழவர் அவசரமாக. “நீங்க வரலைன்னா என்ன காரணத்தைச் சொல்லி அந்தக் குழாயைத் திறக்கிறது?”

அன்றிலிருந்து தினமும் குழாயோரம் அவருக்கே ஒதுக்கப்பட்ட இடம். ஊரே அந்தப் பக்கமாக நெருக்கியடித்து உட்காரும். தண்ணீர் இப்படியா ஆறிப்போக வேண்டும் என்று முறை வைத்து அலுத்துக்கொள்ளும். என்ன செய்வது, கடற்கரை மனுஷன், பாவம், அவருக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், தலைவர் ஷிகெஜிரோ கழுத்தளவு வெந்நீரில் நண்டாகச் சிவந்து, வாசலைப் பார்த்து அலறுவார்:

“யாராவது போய் யசோகிச்சியைக் கூட்டிட்டு வாங்கப்பா. யசோகிச்சிக்குச் சூடு தாங்காது!”