கல்யாணம் ஆகாதவனின் பாதிச் சம்பளம்

தண்ணி லாரி அடித்துத் தம்பி செத்துப்போன பிறகு, நஷ்டஈட்டு வழக்கு விஷயமாக அம்மாவும் நானும் மயிலாப்பூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். விபத்து வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். படிக்கிற பையனுக்கு வருமானம் கிடையாது. அதனால் கோர்ட்டே உத்தேசமாக ஒரு சம்பளம் போடும் என்றார். பிற்காலத்தில் ஏறியிருக்கும் என்று அதோடு கொஞ்சம் கூட்டும். கடைசியில் அவன் வயதுக்கென்று இருக்கிற எண்ணால் பெருக்கும். ஆறு அரியர் வைத்திருந்தவனுக்கு இன்டர்வியூ இல்லாமலே வேலை, இன்க்ரிமென்ட் வேறு. கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

"பெருக்குறதுக்கு முன்னாடி பாதியைக் கழிச்சிடுவாங்கம்மா" என்றார் வக்கீல். "கல்யாணம் ஆகாத பையன். பாதிச் சம்பளத்தைத் தனக்கே செலவு பண்ணிப்பான்னு கணக்கு."

அதுவரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் புள்ள எதுக்கு சார் பாதிய எடுத்துக்கப் போறான்? அப்படியே எங்கையில குடுத்திருப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சறைப்பெட்டியில் அம்மா ஒளித்து வைக்கும் பணத்தை மோப்பம் பிடித்து, பாண்டி பஜாருக்குப் போய்ச் சட்டை வாங்கி வருகிற உத்தமன் அவன். இருந்தவரை அவனைச் செலவாளி என்று வாய் ஓயாமல் திட்டியதும் இதே அம்மாதான்.

அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பாதியைப் பற்றித்தான் பேச்சு. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருக் காய்காரம்மா வரைக்கும் நியாயம் கேட்டாயிற்று. பணத்துக்காக இல்லை. தன் பிள்ளை தனக்குப் பாதிதான் தருவான் என்று கோர்ட் எழுதி வைப்பதை அவளால் தாங்க முடியவில்லை. வக்கீல் சொல்லிக்கொடுத்த பதிலை ரசத்துக்குத் தாளிக்கும்போதுகூட ஒப்பித்தாள்: "முழுச் சம்பளத்தையும் எங்கிட்டதான் குடுத்திருப்பான்."

கோர்ட்டில் கூண்டில் ஏறியும் அதை நன்றாகத்தான் சொன்னாள். பணம் தர வேண்டிய லாரி இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்தார்.

"ஏம்மா, உங்க மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தா, பொண்டாட்டிகிட்டதானே சம்பளத்தைக் குடுத்திருப்பாரு?"

இல்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் கல்யாணம் என்று கேட்டதுமே அம்மாவின் முகம் மாறிவிட்டது. தம்பி போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஆமா சார். அவகிட்டதான் குடுத்திருப்பான். குடுக்கட்டுமே! வந்த பொண்ணு சந்தோஷமா இருக்க வேணாமா?"

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கேள்வி கேட்டவர் கொஞ்ச நேரம் காகிதங்களைப் புரட்டிவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா சொல்லிட்டேனாடி?"

"இல்லம்மா."

படி இறங்கும்போது அவளுக்கு இன்னும் ஒரு குறை இருந்தது. "எப்படிப்பட்ட பொண்ணா பாத்திருப்பீங்கன்னு அவர் கேக்கவே இல்லியே. எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன்."

அதுவரை அழாமல் இருந்த நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.