பனிமலைக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏலம்தான். தூதரகக்காரர்கள் மாற்றலாகிப் போகும்போது வீட்டுச் சாமான்களை ஏலக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். சாணக்யபுரி பங்களாக்களிலிருந்து ஃப்ரிட்ஜும் கம்பளமும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். அதற்கெல்லாம் அடிதடியே நடக்கும். படங்கள் கடைசியில்தான் வரும். அதுவரை நான் ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்குப் பைத்தியம் ஆல்ப்ஸ் மலைப் படங்கள் மேல். பனி மூடிய சிகரம், கீழே ஏரி, ஓரமாக மேயும் இரண்டு மாடுகள். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அங்கே நான் பார்த்து வளர்ந்த வெள்ளை மலையெல்லாம் உப்பளத்தில் குவித்த உப்புதான். டெல்லி வெயிலில் மண்டை காய்ந்து வீட்டுக்கு வந்து, சுவரில் அந்தப் பனியைப் பார்த்தால் அப்பாடா என்றிருக்கும்.

ஏலம் போடுகிற பஞ்சாபிப் பெரியவர் என்னைக் கேலி செய்யாத வாரம் கிடையாது. "பாபுஜி, பஸ் ஏறினா நம்ம இமயமலை இருக்கு. ஊரான் மலை உனக்கு எதுக்கு?" என்று இந்தியில் கேட்பார். வேறு யாரும் கேட்காததால் படங்கள் எனக்கு மலிவாகவே கிடைத்தன.

மதிப்பிடுவதில் நான் என்னைப் பெரிய புலி என்று நினைத்திருந்தேன். முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பேன். துணி பழுத்திருக்கிறதா, ஆணி துருப்பிடித்திருக்கிறதா? பிறகு முன்பக்கம். பனியில் விழுகிற நிழல் நீலமாக இருந்தால் வரைந்தவன் மலையை நேரில் பார்த்தவன். இந்தப் பரீட்சையெல்லாம் தேறித்தான் ஒரு பெரிய படம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. ஒரு சிகரத்தில் விடியல். மறு வருஷமே அதன் ஜோடி ஏலத்துக்கு வரப்போவதாகப் பெரியவர் சொன்னார். அதே சிகரம், அதே அளவு, அந்தி வேளை. இந்தத் தடவை சொந்தக்காரர் வைத்த ஆரம்ப விலையே பெரிய தொகை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்குப் படம் விற்கும் ஒரு வியாபாரி, ஜோடியாகக் கொண்டுவந்தால் நல்ல விலை தருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் ஏலத்தில் கட்ட என் கையில் இருந்தது ஒரே ஒரு பணம். மயூர் விஹாரில் கூட்டுறவுச் சங்கம் கட்டுகிற ஃபிளாட்டுக்காக பி.எஃப்பிலிருந்து எடுத்த முன்பணம். திங்கட்கிழமை சங்கத்தில் கட்டாவிட்டால் எங்கள் பெயரை அடித்துவிடுவார்கள். ரிட்டயர் ஆன மறுநாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்பதுதான் என் மனைவிக்கு எப்போதும் கவலை.

அவளிடம் எதையும் மறைக்கவில்லை. ஜோடியை விற்றால் ஃபிளாட்டுக்கான மொத்தப் பணமும் ஒரே அடியில் வந்துவிடும், சங்கத்தில் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கிவிடலாம் என்றேன். அவள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாங்க?"

"பின்பக்கம் பாத்துட்டேன். அசல்."

"அச்சா. அப்ப சரி" என்றாள்.

அந்த வாரம் ஆயுத பூஜை. தையல் மிஷின், அரிவாள்மனை, என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் விடியல் படத்தில், சிகரத்தின் உச்சியில், பளிச்சென்ற பனியின் நட்ட நடுவில், எட்டணாக் காசு அகலத்துக்குச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்ன காரியம் பண்ணிட்ட? அதுக்குக் கண்ணாடிகூடக் கிடையாதே."

"நமக்கு வீடு வாங்கித் தரப்போற சாமான் இல்லியா. அதான் அதுக்குக் கொஞ்சம் தாராளமாவே வச்சேன்."

பூஜையில் வைத்ததை அன்றே துடைக்க அவள் விடவில்லை. மறுநாள் விஜயதசமி காலையில் காய்ந்த சந்தனத்தை நகத்தால் மெல்ல நெம்பினாள். சந்தனம் பொருக்காக வந்தது. அதோடு பனியும் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் வழவழவென்று காகிதம். என் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். காலண்டர் படத்தில் இருப்பதுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அச்சடித்த படத்தைப் பழைய துணியில் ஒட்டி, மேலே பசையில் குழைத்த வெள்ளையை யாரோ தீற்றியிருக்கிறார்கள். நான் பார்த்துப் பார்த்து மெச்சிய பின்பக்கம் மட்டும்தான் அசல்.

அவள் கண்ணில் தண்ணீர். "நான் கெடுத்துட்டேனா?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "கெடுக்கலம்மா. காப்பாத்திட்ட" என்று மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாக ஏலக்கூடத்துக்குப் போனோம். பெரியவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜோடிப் படத்தின் மூலையை நகத்தால் சுரண்டினார். அங்கேயும் காகிதம். முகம் சிறுத்துப்போய், அதை ஏலத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "உன் வீட்டு லக்ஷ்மிக்கு மிட்டாய் வாங்கிக் கொடு, பாபுஜி" என்றார்.

கிளம்பலாம் என்றேன். அவள் நகரவில்லை. கடைசியாக, கையகலப் படம் ஒன்று வந்தது. மலையடிவாரத்தில் மரவீடு, கூரையில் புகை. யாரும் விலை கேட்கவில்லை. என் மனைவி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த சில்லறையிலேயே அது கிடைத்துவிட்டது.

"எதுக்கு இது?"

"புகை வருது பாருங்க. உள்ள யாரோ சோறு வடிக்கிறாங்க."

பஸ் ஸ்டாப்பில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ இல்லேன்னா நமக்கு வீடே இருந்திருக்காது" என்றேன்.

"இன்னும் வீடு இல்லங்க" என்றாள். "நாளைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுட்டுப் போய்ப் பணத்தைக் கட்டிட்டு வாங்க. நானும் வர்றேன்."