பாதிக் கூலி ராக்கெட்

அண்ணன் இருந்தார். அண்ணி இருந்தார். அண்ணன் மகள், அவள் புருஷன். அப்புறம் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம், பல்லடத்தில் அண்ணன் வீடு.

மாப்பிள்ளை ராக்கெட் செய்கிற கம்பெனியில் பங்குக்காரர். சின்ன கம்பெனி, சின்ன ராக்கெட். மற்றவர்கள் வாங்கும் கூலியில் பாதிக்கே சாட்டிலைட்டை மேலே கொண்டுபோய் விடுவார்களாம். அதற்கு நாற்பது லட்சம் கேட்டு வந்திருந்தார். இரண்டு புது நிட்டிங் மிஷினுக்கு அண்ணன் சேர்த்து வைத்த பணம் அவ்வளவுதான். மிஷின் ஓட்டுகிறவன் நான். பழைய மிஷினை நம்பி இனி யாரும் ஆர்டர் தர மாட்டார்கள்.

பாதி என்றதுமே எனக்கு உறுத்தியது. பாதி ரேட் சொல்கிறவனிடம் நாங்கள் முதலில் நூலைத்தான் பிரித்துப் பார்ப்போம்.

“பாதிக்கு எப்படிங்க மாப்பள கட்டுபடியாகும்?” என்றேன்.

“அடிக்கடி விட்டா ஆகும் மாமா. வருசத்துக்கு ஒண்ணு விட்டா ஆகாது.”

“அடிக்கடி விடச் சரக்கு வேணுமில்லீங்க?”

“வேணும். கேட்டா, முதல்ல விட்டுக் காட்டுங்கங்கறாங்க.”

“காட்ட வேண்டியதுதானுங்க?”

“அதுக்குத்தான் பணம். பணம் போடறவங்க, கஸ்டமர் எங்கேன்னு கேக்கறாங்க.”

அண்ணன் சிரித்துவிட்டார். “நின்ன எடத்துலயே சுத்தறீங்க. எங்க மிஷினும் அப்படித்தான் சுத்துது. ஆனா அதுல துணி வருதுங்க.”

மகள் தலை குனிந்தாள். அண்ணி அண்ணனை முறைத்தார்.

நான் விடவில்லை. “சாட்டிலைட் என்ன வெலைங்க?”

“கூலியை விடப் பல மடங்கு.”

“கீழ விழுந்தா?”

“முதல் ஒண்ணு ரெண்டு விழலாம் மாமா.”

பணம் கேட்க வந்தவர் இவ்வளவு ஒத்துக்கொள்கிறாரே என்று அதுவும் சந்தேகமாக இருந்தது. புது லாரிக்காரன் பாதி வாடகைக்கு வந்தால் எக்ஸ்போர்ட் சரக்கை ஏற்ற மாட்டோம். கழிவுத்துணி மூட்டையை ஏற்றிப் பார்ப்போம்.

“முதல் ராக்கெட்டுல என்ன ஏத்தறீங்க?”

“இரும்புக் கட்டிதான். எடைக்கு.”

“அதுக்குக் கூலி?”

“யாரு தருவாங்க மாமா?”

அவர் அடுக்களைப் பக்கம் கைகழுவப் போனார்.

“நம்ம புள்ள அந்த ஊட்டுல வாழோணும்ங்க,” என்றார் அண்ணி, மெதுவாக.

அண்ணன் எழுந்தார். உள்ளே போய் செக் புத்தகத்தோடு வந்தார். எழுதிக் கிழித்தார். மாப்பிள்ளையிடம் கொடுக்கும் முன் எட்டிப் பார்த்தேன்.

இருபத்தையாயிரத்து ஒன்று.